ஜன்னலுக்குள் ஒரு கோட்டுப் பட்டன்

அத்தியாயம் 14

அந்த அடுக்குமாடியின் ஜன்னல்களைப் பற்றிப் பல கதைகள் உண்டு. மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னலைத் திறக்க இரண்டு பேர் வேண்டும், மூட நான்கு பேர் வேண்டும், நடுவில் மனசு மாறினால் அப்படியே விட்டுவிட வேண்டும். முதல் மாடிக்காரர் வீட்டில் காற்றடிக்கும்போது ஜன்னல் போட்ட ஆட்டத்தில், சுவர்க் கடிகாரம் நாளைக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஓடி, மூன்று வருடத்தில் அவர் வேலையிலிருந்து ஒரு வாரம் முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டார். எல்லாம் சாட்சி உள்ள விஷயங்கள்.

நான்காம் மாடியில் தையல் மாஸ்டர் வீட்டு ஜன்னல் செய்த காரியம் மட்டும் கதையில் சேராது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மழை மத்தியானம் ஹால் ஜன்னலை இழுத்துச் சாத்தப் போனார் மாஸ்டர். தள்ளுகதவு மேல்சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு அவர் கைக்கே வந்துவிட்டது. கீழே தெருவில் ஆள் நடமாட்டம். விட்டுவிடாமல் பிடித்தார். கண்ணாடி உடைந்து, வலது கையில் மூன்று விரல்களின் நரம்பை அறுத்துவிட்டது. முப்பது வருடம் கத்தரி பிடித்த கை. ஆறு மாதத்துக்குள் இன்னொரு ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல்கள் மடங்கினது மடங்கினதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் அனுப்பிய நோட்டீசுக்குக் கட்டுமானக் கம்பெனி பதில் எழுதியது. ‘எங்கள் ஜன்னல்களில் குறை எதுவும் இல்லை. உரிமையாளர் முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கிறார்.’ ஒரு ஊசிக்குள் நூலைக்கூட அதட்டாமல் நுழைத்த மனிதருக்கு முரடர் என்ற பட்டம் அப்படித்தான் கிடைத்தது.

வழக்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனது. ஜன்னல்களைப் பார்த்து அறிக்கை தர ஒரு இன்ஜினியரை கோர்ட்டே நியமித்தது. மாஸ்டர் தரப்பு வக்கீலம்மா படித்துப் படித்துச் சொன்னார்: “இன்ஜினியர் வர்ற வரைக்கும் அந்த ஜன்னல்ல யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது.”

மாஸ்டரின் மனைவி சொன்ன சொல்லைத் தட்டாதவள். அந்த ஜன்னலில் கையே வைக்கவில்லை. கம்பெனி ஆட்கள் அடித்துவிட்டுப் போன பிளைவுட் பலகை மேல் தூசி தட்டக்கூடப் பயந்தாள்.

வீட்டில் இன்னும் மூன்று ஜன்னல்கள் இருந்தன. அவற்றைப் பற்றி வக்கீலம்மா ஒன்றும் சொல்லவில்லையே!

போன செவ்வாய்க்கிழமை மாஸ்டர் கைப்பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் அவள் தம்பி டிரில் பையோடு வந்ததும், மூன்று ஜன்னலிலும் மேல்சட்டத்துக்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு வைத்து முடுக்கியதும், அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றதும் போன அத்தியாயத்திலேயே நாம் பார்த்ததுதான். “இது இருந்தா கதவு கழண்டு விழாதுக்கா. மாமாகிட்ட சொல்லாத, மறுபடி அந்த ஞாபகம் வரும்” என்றான். கடைசி ஜன்னலில் இடைவெளி அதிகம், துண்டு எட்டவில்லை. அவள்தான் யோசித்து, கணவனின் பட்டன் டப்பாவிலிருந்து பெரிய கோட்டுப் பட்டன் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தம்பி அதன் நடுவில் ஓட்டை போட்டு முட்டுக் கொடுத்தான்.

“உனக்கு மூளை இருக்குக்கா” என்றான்.

இரண்டு நாள் அந்தப் பாராட்டிலேயே அவள் சமைத்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. முதலில் மூச்சு வந்தது, அப்புறம் இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர். கையில் நீளக் குடை. மழைக்குப் பிடிக்க அல்ல, சுட்டிக்காட்ட. அவருக்குப் பின்னால் ஒரு சென்ட் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் கம்பெனி வக்கீல். எல்லோருக்கும் கடைசியாக, தோளில் அலுமினிய ஏணியும் உடம்பில் கம்பெனிச் சட்டையுமாக அவள் தம்பி.

“வாடா...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“வாங்க மாப்ள” என்றார் மாஸ்டர். “கம்பெனி சட்டையா? தோள்ல அரை இஞ்ச் அதிகமா இருக்கே.”

“ரெடிமேட் மாமா.”

“அதான்.”

இன்ஜினியர் குடையை நிமிர்த்தினார். “சொந்தமா?”

“என் சம்சாரத்தோட தம்பி சார்.”

“எங்க தலைமை ஃபிட்டரும்கூட” என்றார் சென்ட் வக்கீல். “இந்தக் கட்டடத்துக்கே ஜன்னல் போட்டவர். சொந்தக்காரர்னா நல்லதுதானே, பொய் சொல்ல வாய் வராது பாருங்க.”

ஜன்னல் போட்டவன் என்பது உண்மை. ஐந்து வருடத்துக்கு முன் இந்த வீட்டை வாங்கலாமா வேண்டாமா என்று மாஸ்டர் தடுமாறியபோது, “என் கையால போட்ட ஜன்னல் மாமா, கண்ணை மூடிட்டு வாங்குங்க” என்று சொன்னவன் அவன்தான். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார்.

பலகையைக் கழற்றினார்கள். மூன்று மாதமாக வராத வெளிச்சம் ஹாலுக்குள் வந்தது. மேகம் போட்டிருந்ததால் அதுவும் அழுக்காகவே வந்தது. மூலையில் துணி போர்த்திய தையல் மெஷின் யாரோ உட்கார்ந்து அழுவது போலத் தெரிந்தது.

இன்ஜினியர் குடையால் மேலே காட்டினார். “இங்க மேல்சட்டம் பாதி இல்லையே. எங்கே?”

“கதவோட பிஞ்சு வந்துடுச்சு சார்” என்றார் மாஸ்டர். “மறுநாள் கம்பெனி ஆளுங்க கண்ணாடித் துண்டு அள்ளறோம்னு வந்து, அதையும் சேர்த்து அள்ளிட்டாங்க.”

“பெருக்கிக் குடுத்தது தப்பா சார்?” என்றார் வக்கீல்.

இன்ஜினியர் பதில் சொல்லாமல் மாஸ்டர் பக்கம் திரும்பினார். நிதானமாகச் சொன்னார். “இந்த மாதிரி தள்ளுகதவுக்கு மேல்சட்டத்துக்குள்ள ஒரு சின்னத் துண்டு வைக்கணும். ஸ்டாப்பர்னு பேர். அது இருந்தா நீங்க எப்படி இழுத்தாலும் கதவு எழும்பாது. இல்லைன்னா ஒரு காத்து போதும். உங்க கேஸே அந்தத் துண்டுதான்.”

“இதுல இருந்துச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“இதுல முடியாது. ஆனா நாலு ஜன்னலும் ஒரே ஆள், ஒரே நாள்ல போட்டது. மத்த மூணைப் பார்த்தா போதும். அதுல இல்லைன்னா இதுலயும் இருந்திருக்காது. நீங்க ஜெயிச்ச மாதிரி.”

மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

அவள் கையில் டீத் தட்டு இருந்தது.  தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

இன்ஜினியர் ஹாலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். தம்பி ஏணியைத் தூக்கிக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வந்தான்.

“டேய்” என்றாள் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில். “அதுதானா நீ முந்தாநாள் வச்சது?”

“ஆமாக்கா.”

“அப்ப முதல்லயே வைக்கலியா?”

அவன் ஏணியின் காலை இல்லாத அழுக்குக்காகத் துடைத்தான். “சரக்கு வரலக்கா. மறுநாள் சாவி குடுக்கணும், மூடிட்டுக் கிளம்புன்னாரு சூப்பர்வைசர். வந்ததும் வச்சிடலாம்னு நினைச்சேன். வரவே இல்ல.”

“அஞ்சு வருஷமாவா?”

“நானும் மறந்துட்டேன். மாமா கை போனதும்தான்...” ஏணியின் அடுத்த காலைத் துடைத்தான். “அதுக்கப்புறம் தூக்கமே இல்லக்கா. இன்னொண்ணு விழுந்துடுமோ, உன் தலைல விழுந்துடுமோன்னுதான் வந்து வச்சேன். கேஸுக்கு இடைஞ்சலாகும்னு சத்தியமா தோணல.”

“இப்பவே கழட்டிடு.”

“கழட்டினா ஓட்டை தெரியும்.”

“அப்ப போய் உண்மையைச் சொல்லிடு. முந்தாநாள் வச்சேன்னு சொல்லு.”

“சொன்னா கம்பெனி கை கழுவிடும். ஃபிட்டர் கவனக்குறைவுன்னு என் மேல போலீஸ் கேஸ். வரும்போதே வக்கீல் வண்டியில வச்சு சொல்லிட்டாரு, சிரிச்சுக்கிட்டே.” அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “வீட்டுல அவ ஏழு மாசம்க்கா.”

அவள் குழாயை மூடினாள். 

இன்ஜினியர் உள்ளே வந்து ஏணியில் ஏறினார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இருக்கு” என்றார்.

மெஷின் அறைக்குப் போனார்கள். அந்த அறையில் மெஷின் இல்லாமல் மூன்று மாதம் ஆகிறது. பெயர் மட்டும் இருந்தது. அங்கேயும் ஏறினார்.

“இருக்கு.”

மாஸ்டர் எழுந்து பின்னாலேயே வந்தார். “என்ன சார் இருக்கு?”

“ஸ்டாப்பர்.”

படுக்கையறை. ஏணி, டார்ச், கொஞ்ச நேரம்.

“இதுலயும் இருக்கு.”

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, அளவு தப்பி வெட்டிய துணி மேஜையிலிருந்து நழுவுவது போல இறங்கினார்.

சென்ட் வக்கீலுக்குக் குரல் தேன் மாதிரி வந்தது. “மூணுல இருக்கு, ஒண்ணுல மட்டும் இல்லைன்னா, அதைக் கழட்டினது யாருங்கற கேள்வி வருது பாருங்க சார். அதையும் அறிக்கையில சேர்த்துடுங்க.”

“நானா?” என்றார் மாஸ்டர். “நான் ஏன் சார் கழட்டறேன்?”

“சுத்தம் செய்யக் கழட்டியிருப்பீங்க. மறந்திருப்பீங்க. வயசாகுதில்ல.”

மாஸ்டருக்கு ஐம்பத்திரண்டு.

இன்ஜினியர் இன்னும் ஏணியில்தான் இருந்தார். “ஸ்க்ரூ ரொம்பப் பளபளன்னு இருக்கே.”

“துருப்பிடிக்காத ஸ்க்ரூ சார். எங்க தரம் அப்படி.”

“இந்தத் துண்டு கொஞ்சம் தொங்கலா இருக்கு. மத்ததுல அப்படி இல்ல. ஸ்க்ரூ டிரைவர் குடுங்க.”

கொடுத்தது தம்பி. கொடுத்த கை திரும்பி வர வெகு நேரம் பிடித்தது.

நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றில் துண்டு கழன்று இன்ஜினியர் கையில் விழுந்தது. அதன் மேலிருந்து வேறொன்று நழுவித் தரையில் விழுந்து உருண்டது. கட்டிலுக்கு அடியில் போயிருக்கலாம். அலமாரிக்குப் பின்னால் போயிருந்தால் அடுத்த வெள்ளையடிப்பு வரை யாருக்கும் தெரிந்திருக்காது. அவ்வளவு வசதி இருந்தும் அது ஓர் அரைவட்டம் அடித்து, வக்கீலின் ஷூவைச் சுற்றிக்கொண்டு வந்து, மாஸ்டரின் கால் பக்கத்தில் படுத்தது.

அவர் குனிந்து இடது கையால் எடுத்தார்.

பழுப்பு நிறம். விளிம்பில் மெல்லிய கறுப்பு வளையம். நான்கு கண். நடுவில் புதிதாக ஒரு ஐந்தாவது கண்.

ஒரு வயலின்காரருக்குக் கோட் தைத்தபோது அந்த வளையத்துக்காக எட்டுக் கடை ஏறி இறங்கினார் மாஸ்டர். ஒன்பதாவது கடையில் ஒரு டஜன் கிடைத்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அவர் கையால் தைத்த கடைசிக் கோட் அது.

“என்ன அது?” என்றார் இன்ஜினியர் மேலேயிருந்து.

“பட்டன் சார்.”

“அது தெரியுது. யாருது?”

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் சுருக்கமே இல்லாத படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். மைத்துனனைப் பார்த்தார். அவன் ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஏணிதான் அவனைப் பிடித்திருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

மாஸ்டர் பட்டனைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“கோட்டுப் பட்டன் சார்.”

“யாருதுன்னு கேட்டேன்.”

“ஊர்ல நிறைய கோட் இருக்கு சார்.”

வக்கீல் சிரித்தார். “ஃபிட்டருங்க சந்துக்கு முட்டுக் குடுக்கக் கையில கிடைச்சதை வைப்பாங்க சார். சிகரெட் அட்டைகூட வைப்பாங்க. இதெல்லாம் ஒரு விஷயமா?”

இன்ஜினியர் தம்பியிடம் திரும்பினார். “நீங்க வச்சதா?”

“ஆமா சார்.”

“எப்ப?”

தம்பியின் வாய் திறந்தது.

“கட்டடம் கட்டறப்ப. அஞ்சு வருஷம் முன்னாடி” என்றார் வக்கீல். “வேற எப்ப வைப்பாங்க?”

வாய் மூடியது. இன்ஜினியர் ஏணியிலிருந்து இறங்கினார். குடையால் தரையை இரண்டு தட்டு தட்டினார். பிறகு எழுதினார். பட்டனை மாஸ்டரிடமிருந்து வாங்கி ஒரு சின்ன உறைக்குள் போட்டு, ஒட்டி, மேலே எண் போட்டார். அந்தப் பட்டனுக்கு அன்று அரசாங்க மரியாதை கிடைத்தது.

அறிக்கையை ஹாலிலேயே உட்கார்ந்து முடித்தார். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீல் பேனாவை எடுத்த வேகத்தில் போட்டுவிட்டார்.

மாஸ்டர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘மூன்று ஜன்னல்களில் பாதுகாப்புத் துண்டுகள் உள்ளன. விழுந்த ஜன்னலில் இருந்ததா என்று உறுதி செய்ய இயலவில்லை. பொத்தான் ஒன்று கண்டெடுக்கப்பட்டது, உரிமையாளர் தெரியவில்லை.’

“கீழே கொஞ்சம் இடம் இருக்கு” என்றார் இன்ஜினியர். “ஏதாவது சொல்லணும்னா எழுதலாம். ஆதாரம் இருந்தா ஏழு நாளைக்குள்ள கோர்ட்டுல குடுக்கணும். அதுக்கப்புறம் இதுதான் நிக்கும்.”

மாஸ்டர் பேனாவை இடது கையில் வாங்கினார். எழுத ஆரம்பித்தார். மூன்று மாதப் பழக்கம். ஒவ்வொரு எழுத்தும் மாடிப்படி ஏறுவது போல நின்று நின்று ஏறியது. வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீயில் ஆடை படிந்தது. தம்பி ஏணியைத் தோளில் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான்.

எழுதி முடித்தபோது இரண்டே சொற்கள் இருந்தன.

‘ஆட்சேபம் உண்டு.’

“என்ன ஆட்சேபம்?” என்றார் வக்கீல். முதல்முறையாக அவர் குரலில் தேன் கொஞ்சம் குறைந்திருந்தது.

“ஏழு நாள் இருக்குன்னு சார் சொன்னாரே.”

கிளம்பினார்கள். தம்பி வாசலில் தயங்கினான். “மாமா...”

“ஏணியைப் பார்த்து இறக்கு மாப்ள” என்றார் மாஸ்டர். “திருப்பத்துல சுவர் இடிக்கும்.”

படிக்கட்டில் ஏணி நான்கு மாடிக்கும் இடித்துக்கொண்டே போன சத்தம் கேட்டது.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. பலகையை மாட்டியதும் ஹால் பழையபடி இருண்டது. மாஸ்டர் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். துணியை விலக்கவில்லை.

“அந்தப் பட்டன் டப்பாவைக் கொண்டா.”

கொண்டுவந்தாள். இடது கையால் மூடியைத் திருகினார். வரவில்லை. அவள் திறந்து கொடுத்தாள்.

“அந்த வயலின்காரர் கோட்டுக்கு ஒரு டஜன் வாங்கினேன்” என்றார், டப்பாவிடம் பேசுவது போல. “முன்னால நாலு. கைக்கு மூணு மூணு. மிச்சம் எத்தனை?”

“ரெண்டு.”

பட்டன்களை மெஷின் மேல் கவிழ்த்தார். வெள்ளை, கறுப்பு, நீலம், சட்டைக்கு, சின்னக் குழந்தை கவுனுக்கு. விரலால் விலக்கி விலக்கித் தேடினார். கறுப்பு வளையத்தோடு ஒன்று கிடைத்தது. அதைத் தனியாக வைத்தார். மறுபடி தேடினார். அவசரமே இல்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டி முடித்தார்.

“இன்னொண்ணு எங்க?”

“எங்கயாவது உருண்டு போயிருக்கும்ங்க.”

“ஆமா” என்றார். “இன்னிக்குக்கூட ஒண்ணு உருண்டுச்சு.”

அவள் அழுதுவிடலாமா என்று பார்த்தாள். அழுகை வரவில்லை. தம்பி பெயரைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

“உள்ள பில் குத்தின கம்பி இருக்கில்ல” என்றார் மாஸ்டர். “அதுல பட்டன் கடை பில் இருக்கும். மஞ்சத் தாள். தேதி போட்டு, கறுப்பு வளையம்னு எழுதியே குடுத்தான் அந்தக் கடைக்காரன். எடுத்துட்டு வா.”

“எதுக்குங்க?”

“அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வாங்கின பட்டன் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஜன்னலுக்குள்ள போகாது. அதுக்கு.”

மெஷின் அறைக்குப் போனாள். சுவர் ஆணியில் கம்பி தொங்கியது. நூல் பில், லைனிங் துணி பில், ஊசி பில். முப்பது வருடத்துத் தொழில் ஒரு முழக் கம்பியில் அடங்கியிருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மேலிருந்து ஏழாவது, மஞ்சள் தாள். தேதி இருந்தது. ‘கோட் பட்டன், பழுப்பு, கறுப்பு வளையம், 12’ என்று கடைக்காரர் அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார்.

மேலே அவள் ஸ்டூல் பிடித்துத் தாங்கிய ஜன்னல். தம்பி முடுக்கிய துண்டு அதில் கெட்டியாக இருந்தது. இனி எந்தக் காற்றுக்கும் அது விழாது.

தாளைக் கம்பியிலிருந்து உருவினாள். நடுவில் குத்திய ஓட்டை வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளங்கையில் விழுந்தது. இந்தத் தாளில் மூன்று விரல்கள் இருந்தன. இதே தாளில் ஏழு மாதத்து வயிறு ஒன்றும் இருந்தது.

தாளை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடங்கவில்லை. கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

“இங்க காணோம்ங்க” என்றாள் உள்ளேயிருந்து.

சுவரில் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. 

“நல்லாத் தேடு” என்றார் மாஸ்டர். “அவசரமில்ல. ஏழு நாள் இருக்கு.”